தராசு மட்டும் போதாது: கடல்மீன் இருப்பைக் கணிக்கும் முறை

கடல் வற்றாதது; ஆகையால் கடலிலுள்ள மீனும் குறையாதது என்னும் எண்ணம் ஜனங்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. இது பாமரருடைய எண்ணம் மட்டுமன்று. 1883-ஆம் வருஷத்தில் லண்டன் மாநகரில் நடைபெற்ற சர்வதேச மீன்பிடிப்புக் கண்காட்சியில், அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த விஞ்ஞானியாகிய தாமஸ் ஹக்ஸ்லியும் பெருங்கடல் மீன்கள் மனிதன் பிடிப்பதால் தீர்ந்துபோகமாட்டா என்னும் கருத்தையே வெளியிட்டார். அதன் பின்னர் நேர்ந்த அனுபவங்கள் இக்கருத்து தவறென்பதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டிவிட்டன. கடல்நீர் வற்றாமலிருக்கையிலேயே கடல்மீன் வற்றிப்போகக்கூடும். அவ்வாறு வற்றுகிறதா, பெருகுகிறதா என்பதை எவ்வாறு அறிவது என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

நெய்வேலியைச் சுற்றி நிலக்கடலையும் முந்திரியும் கரும்பும் பயிரிடும் குடியானவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். சம்பந்தம் உண்டு. கடலூர்த் துறையிலும் பரங்கிப்பேட்டையிலும் கரையேறும் மீன் அவர்களுக்கு உணவாகிறது. அதோடு நில்லாமல், உலர்ந்த மீனும் மீன் தூளும் கோழித் தீவனத்திலும் இறால் தீவனத்திலும் சேர்கின்றன. மீனும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த கரைசலைப் பயிருக்குத் தெளிப்போர் தொகையும் பெருகி வருகிறது. இன்னும் முற்காலத்தில், சர் பிரடெரிக் நிக்கல்சன் 1905-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்து மீன் வளர்ச்சிப் பணியைத் தொடங்கி வைத்த பிறகு, மேலைக்கரையில் மத்தி மீனை வேகவைத்து எண்ணெய் பிழிந்து, எஞ்சிய பிண்ணாக்கை எருவாக விற்கும் தொழில் ஓங்கியது. ஆகவே வயலுக்கும் வலைக்கும் உள்ள உறவு புதியதன்று. வாங்குவோன் எதைக் கேட்கிறானோ அதையே விற்போன் பிடிப்பான். மீனின் க்ஷேமத்தில் வாங்குவோனுக்கும் பொறுப்புண்டு.

இருப்பை அளப்பதென்றால் என்னவென்பதை நெய்வேலியைக் கொண்டே விளக்கலாம். 1956-ஆம் வருஷத்தில் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்ட அவ்விடத்தில், மண்ணுக்கடியிலுள்ள பழுப்பு நிலக்கரியின் அளவு ஆழ்துளையிட்டுக் கணித்தறியப்பட்டது. அப்பொருள் இடம் பெயர்வதில்லை, குட்டி போடுவதில்லை, தானாக மாள்வதுமில்லை. ஒரு டன் எடுத்தால் இருப்பில் ஒரு டன் குறையும். இது எளிய கணக்கு. ஆனால் அதே நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்துடன் தங்கியுள்ள ஊற்றுநீரின் கணக்கு அவ்வளவு எளிதன்று. சுரங்கம் வேலை செய்வதற்காக அந்நீர் இரவும் பகலும் இறைக்கப்படுகிறது. நீர் எடுக்கவும் படுகிறது. மழையால் நிரம்பவும் செய்கிறது. இச்சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். குழாயில் நீர் நிறைந்து விழுவதைக் கண்டு, பூமிக்கடியில் நீர்மட்டம் குறையவில்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. மோட்டாரின் குதிரைசக்தியைக் கூட்டியும், துளையை ஆழப்படுத்தியும் வந்தால் மட்டம் இறங்க இறங்கவும் குழாய் நிறைந்தே ஓடும். ஒருநாள் திடீரென்று நிற்கும். உண்மை நிலையை அறியவேண்டுமானால் கிணற்றில் கயிறு விட்டு மட்டத்தை அளக்கவேண்டும்.

கரையேறும் மீனின் எடை என்பது குழாயில் விழும் நீரைப் போன்றது. கடலிலுள்ள மீனின் இருப்பு என்பது நீர்மட்டத்தைப் போன்றது. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவதே இவ்விஷயத்தில் நேரும் பிழைகளுக்கெல்லாம் தாய்.

இதற்கு மத்தி மீனே தக்க உதாரணம். மத்தி, சாளை, கவலை என்று கரைக்குக் கரை பெயர் மாறும் இம்மீன் வகைகளில், நெய்மத்தி என்பது இந்தியாவில் மிகுதியாகப் பிடிபடும் மீன்களுள் ஒன்று. முன்னர் மேலைக்கரைக்கே உரியதாகக் கருதப்பட்ட இது, 1980-களின் பிற்பகுதியிலிருந்து கீழைக்கரையிலும் ஏராளமாகக் கிடைத்து வந்திருக்கிறது. 2012-ஆம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 7.2 லட்சம் டன் நெய்மத்தி கரையேறியது. கேரளத்தில் மட்டும் ஏறத்தாழ 3.9 லட்சம் டன். அடுத்த 9 வருஷங்களில் கேரளத்தின் அளவு சரிந்து, 2021-இல் சுமார் 3,300 டன் என்னும் நிலையை அடைந்தது. நூறு கூடை இருந்த இடத்தில் ஒரு கூடைகூட நிறையவில்லை என்று சொல்லலாம். பின்னர் மீண்டும் ஏறி, 2024-இல் ஏறத்தாழ 1.5 லட்சம் டன்னாயிற்று. 2012-ஆம் வருஷத்துக் கணக்கைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் அவ்வெடைக்குள் மறைந்திருந்த அபாயத்தை அறிந்திலர். 2024-ஆம் வருஷத்துக் கணக்கைப் பார்த்து எல்லாம் சீர்ப்பட்டுவிட்டதென்று மகிழ்வதும் அவ்வாறே அவசரமாகும்.

அவ்வாறாயின் சரியான கணிப்பு எவ்வாறு நடைபெறுகிறது? முதலாவதாக, கரையேறும் மீனின் மொத்த அளவைத் தெரிந்துகொள்ளவேண்டும். இப்பணியை 1947-ஆம் வருஷம் தொடங்கப்பெற்று, இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் செய்து வருகிறது. நாட்டின் கரைநெடுக ஆயிரத்துக்கு மேற்பட்ட இறங்குதுறைகள் உள்ளன. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு படகையும் நிறுப்பது எவராலும் ஆகாது. ஆகையால் கிராம உத்தியோகஸ்தர்கள் நன்கறிந்த பயிர் அறுவடைப் பரிசோதனை முறையே இங்கும் கையாளப்படுகிறது. எல்லா வயல்களையும் அறுத்து நிறுக்காமல், சீட்டுக் குலுக்கியது போலத் தேர்ந்தெடுத்த வயலில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமுமுள்ள நெல்லை அறுத்து நிறுத்து, அதைக் கொண்டு பிர்க்காவின் விளைச்சலைக் கணிப்பதுபோல, தேர்ந்தெடுத்த நாட்களில், தேர்ந்தெடுத்த துறைகளில், தேர்ந்தெடுத்த படகுகளின் மீனைப் பார்த்து மொத்தம் கணிக்கப்படுகிறது. நல்ல வயலை மட்டும் பொறுக்கி அறுத்தால் கணக்குப் பொய்யாவது போலவே, நிறைந்த படகை மட்டும் பார்த்தால் மீன் கணக்கும் பொய்யாகும்.

இரண்டாவதாக, அம்மீனைப் பிடிக்கச் செலவான உழைப்பைக் கணக்கிடவேண்டும். எத்தனை படகுகள் சென்றன? எத்தனை மணி நேரம் கடலில் இருந்தன? எவ்வகை வலை? ஒரு படகு ஒரு நாளில் பிடித்தது எவ்வளவு? பத்துப் படகுகள் கொணர்ந்ததை இருபது படகுகள் கொணருமாயின், மொத்த எடை மாறாதபோதிலும் இருப்பு குறைந்திருக்கக்கூடும் என்பது வெளிப்படை.

ஆயினும் இதிலும் ஒரு கண்ணி உண்டு. பெருமாள் ஏரியும் வாலாஜா ஏரியும் கோடையில் வற்றுவதைக் கண்டவர்கள் இதை உடனே விளங்கிக்கொள்வர். நீர் சுருங்கச் சுருங்க, எஞ்சிய மீனெல்லாம் ஆழமான மடுவில் வந்து குவியும். அப்போது ஒரு வீச்சுக்கு விழும் மீன் ஏரி நிறைந்திருந்த காலத்தைவிட அதிகமாயிருக்கும். அதைக் கண்டு ஏரியில் மீன் பெருகிவிட்டது என்று சொல்வார் உண்டோ? மத்தி போன்ற கூட்டமாய்த் திரியும் மீன்களின் இயல்பும் இதுவே. தொகை குறைந்தாலும் அவை கூட்டம் கலைவதில்லை. கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் ஒலிக்கருவியும், இடத்தைக் குறிக்கும் செயற்கைக்கோள் கருவியும், பலத்த எஞ்சினும் உடைய படகு கடைசிக் கூட்டத்தையும் தேடிப் பிடித்து முன்போலவே நிறைந்து வரும்.

இக்கண்ணியில் அகப்பட்டுக் கெட்டது கனடா தேசத்து நியூபவுண்ட்லாந்துக் கரை. அங்கு காட் என்னும் மீன் 1968-ஆம் வருஷத்தில் ஏறத்தாழ 8 லட்சம் டன் பிடிக்கப்பட்டது. 1980-களில் இருப்பைக் கணித்தவர்கள், பெரிய இழுவைப் படகுகளுக்குக் கிடைத்த மீனின் அளவைப் பெரிதும் நம்பினர். அப்படகுகளோ மீன் குவிந்திருந்த இடங்களைத் தேடித் தேடிச் சென்றன. கரையோரத்துச் சிறு மீனவர்கள் மீன் குறைந்து வருகிறது, சிறுத்தும் வருகிறது என்று முறையிட்டனர். அது தக்க காலத்தில் கணக்கில் ஏறவில்லை. 1992-ஆம் வருஷம் ஜூலை மாதம் மீன்பிடிப்பு முற்றிலும் நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேர் தொழில் இழந்தனர். சில வருஷங்களில் திறக்கப்படும் என்று எதிர்பார்க்கப்பட்ட தடை 32 வருஷங்கள் நீடித்தது. 2024-இல் தடை நீக்கப்பட்டபோது அனுமதிக்கப்பட்ட அளவு 18,000 டன் மட்டுமே.

மூன்றாவதான சோதனையே மிகவும் எளியது. அதுவே மிகவும் நேர்மையானதும் ஆகும். அது மீனின் நீளத்தை அளப்பது. ஒரு மாட்டுப்பட்டியில் கன்றுகள் மட்டும் நின்று, கறவைப் பசுக்களும் காளைகளும் இல்லாவிட்டால், தலைகளை எண்ணி அப்பட்டி செழிப்பானது என்று எந்தக் குடியானவனும் ஒப்பமாட்டான். மீனும் அவ்வாறே. குளிர் தேசங்களில் மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில் மரத்தின் வளையம் போல வருஷத்துக்கொரு வளையம் விழுகிறது. அதை எண்ணி வயது சொல்வர். கடும் குளிர்காலமில்லாத இத்தேசத்துக் கடலில் அவ்வளையம் தெளிவாக விழுவதில்லை. ஆகையால் மாதந்தோறும் நூற்றுக்கணக்கான மீன்களின் நீளத்தை அளந்து, எந்த நீளத்தில் எத்தனை என்று பட்டியலிட்டு, அதிலிருந்து அவை எவ்வளவு விரைவில் வளர்கின்றன, எவ்வளவு விரைவில் மாள்கின்றன என்பவற்றைக் கணிக்கின்றனர்.

நெய்மத்தி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும்போதுதான் முட்டையிடும் பக்குவம் பெறுகிறது. 10 சென்டிமீட்டர் மத்தி சுமார் 10 கிராம் எடையிருக்கும். 17 சென்டிமீட்டர் மத்தி 45 கிராமுக்கு மேலிருக்கும். 100 சிறு மத்திகளைப் பிடித்தால் கிடைப்பது ஒரு கிலோ. அவற்றை விட்டுவைத்து, அவற்றுள் பாதி வேறு மீன்களுக்கு இரையாகிப் போயின எனக் கொண்டாலும், எஞ்சிய 50 மத்திகள் வளர்ந்து 2 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதோடு ஒவ்வொரு பெண் மத்தியும் பல்லாயிரம் முட்டைகளைக் கடலுக்குத் தந்திருக்கும். பால் பிடிக்கும் பருவத்து நெற்கதிரை அறுத்து மாட்டுக்குப் போடுவதற்கும், குஞ்சு மத்தியை வாரித் தீவனத்துக்கு உலர்த்துவதற்கும் வேற்றுமை யாதுமில்லை. தராசு இதைக் காட்டாது. ஒரு டன் குஞ்சும் ஒரு டன் முதிர்ந்த மீனும் தராசுக்கு ஒன்றே. அளவுகோலே இவற்றின் பேதத்தைக் காட்டவல்லது.

இம்மூன்று கணக்குகளையும் சேர்த்து இரண்டு கேள்விகளுக்கு விடை காணப்படுகிறது. கடலில் இன்னும் எவ்வளவு மீன் இருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு வேகத்தில் எடுக்கப்படுகிறது என்பது மற்றொன்று. இருப்பு நிறைந்திருந்தும் எடுக்கும் வேகம் மிகுதியாயிருக்கலாம். அது வரப்போகும் கேட்டுக்கு அறிகுறி. இருப்பு குறைந்திருந்தும் வேகம் தணிந்திருக்கலாம். அது தேறுதலுக்கு அறிகுறி. மீன் நெருக்கமாய் நிறைந்த கடலில் இரைக்குப் போட்டி மிகுந்து வளர்ச்சி குன்றும்; நெருக்கி நட்ட வயலில் தூர் கட்டாதது போல. மிகவும் அருகினாலோ, வளர்வதற்கு விதையே போதாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில் வருஷாவருஷம் கிடைக்கும் மிகுதி உச்சமாயிருக்கும். அம்மிகுதியை மட்டும் எடுத்து முதலைக் காப்பதே நோக்கம். இவ்வகையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2022-ஆம் வருஷத்துக்குக் கணித்த 135 மீன் இருப்புகளில் 91.1 சதவிகிதம் நல்ல நிலையிலிருப்பதாகத் தெரிவித்தது. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒருமுறை கணித்துவிட்டு ஓய்வதற்கு இது நிலக்கரியன்று. ஜமாபந்தி போல வருஷந்தோறும் பார்க்கவேண்டிய கணக்கு.

இவ்விஷயத்தில் ஒரு வலிய ஆட்சேபம் உண்டு. மத்தி பெருகுவதும் அருகுவதும் மழையையும் கடலின் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் பொறுத்தவை. மனிதன் அளந்தும் தடுத்தும் ஆவதென்ன என்பர். இதில் பாதி உண்மை உண்டு. 1940-களின் தொடக்கத்தில் மேலைக்கரையில் மத்தி அருகியபோது, சென்னை அரசாங்கம் 1943-இல் குஞ்சுகளை வாரும் சிலவகை வலைகளுக்குத் தடை விதித்தது. ஆயினும் மீன் உடனே திரும்பவில்லை. இத்தகைய மீன் மனிதன் கை வையாதபோதும் ஏறி இறங்கும் இயல்புடையது. ஆனால் இதிலிருந்து பெறப்படும் நியாயம் நேர்மாறானது. மழை பொய்ப்பது குடியானவன் கையில் இல்லை. அதற்காக அவன் விதைநெல்லைக் குத்தி உண்பதில்லை. மழை நிச்சயமில்லாத ஊரிலேயே விதையை மிகவும் பத்திரப்படுத்துகிறான். பெரு தேசத்து நெத்திலி மீனின் கதை இதற்குச் சான்று. மீன் தூளுக்காகவே பிடிக்கப்பட்ட அம்மீன் 1970-இல் 120 லட்சம் டன்னுக்கு மேல் கிடைத்தது. 1972-இல் எல்நினோ என்னும் கடல்வெப்ப மாறுதல் வந்தது. முன்னரே அளவுமீறிப் பிடிக்கப்பட்டிருந்த இருப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் சரிந்து, 1973-இல் பிடிப்பு சுமார் 20 லட்சம் டன்னாகக் குன்றியது. வறட்சி எல்லோருக்கும் வரும். விதையில்லாதவனே அதில் அழிவான்.

கடலூர்க் கரையிலும் இக்கேள்வி வழக்காக வளர்ந்திருக்கிறது. மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2000-ஆம் வருஷத்தில் தடைசெய்தது. 2023-ஆம் வருஷம் ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டார், 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்னும் நிபந்தனைகளோடு அதை இடைக்காலமாக அனுமதித்தனர். பெரும் பணம் முடக்கி வலை வாங்கியவர்களுக்கும் நியாயம் உண்டு. சிறு படகும் செவுள்வலையும் கொண்டு பிழைப்பவர்களுக்கும் நியாயம் உண்டு. இரு சாராரும் ஒப்புக்கொள்ளக்கூடிய அளவு ஒன்று துறையிலேயே இருந்தால், தர்க்கத்துக்கும் கைகலப்புக்கும் இடம் குறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கீழைக்கரையில் இயந்திரப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடையும் அவ்வாறே. முன்னர் 45 நாளாயிருந்தது இது. தடையால் மீன் வளர்ந்ததா என்பதை, தடைக்கு முன்னும் பின்னும் எடுத்த நீளக் கணக்கே நிச்சயமாகச் சொல்லவல்லது. தடை நீங்கிய முதல்நாள் நிறைந்து வரும் படகுகள் சொல்லமாட்டா.

ஆகவே செய்யத்தக்கவை சில உண்டு. துறைகளில் எழுதப்படும் கணக்கில் எடையோடு கூடக் கடலில் கழிந்த நேரமும், வலையின் வகையும், கூடைக்கு ஒரு கை வீதம் எடுத்து அளந்த மீனின் நீளமும் பதிவாக வேண்டும். இதற்கு வேண்டியது சென்டிமீட்டர் குறித்த ஒரு பலகையும், உண்மையை எழுதும் ஒரு கையுமே. கேரளத்தில் 2015-ஆம் வருஷத்தில் மத்திக்குக் குறைந்த அளவு 10 சென்டிமீட்டர் என்று விதிக்கப்பட்டது. தொடக்கத்துக்கு அது நன்றே. ஆயினும் முட்டையிடும் பக்குவத்துக்கு அது மிகவும் குறைவு. படிப்படியாக அதை உயர்த்துவதே முறை.

நிலமுடைய குடியானவர்களும் வாளா இருத்தலாகாது. பயிருக்குத் தெளிக்கும் மீன் கரைசலுக்கு முழு மீன் வேண்டுவதில்லை. மீன் கடைகளில் வீணாகும் தலை, குடல், செதில் முதலியவையே போதும். கோழிக்கும் இறாலுக்கும் தீவனம் வாங்குவோர், அது ஆலைக் கழிவிலிருந்து ஆனதா, குஞ்சு மீனிலிருந்து ஆனதா என்று வினவவேண்டும். கூடைகூடையாக விரல்நீள மத்தி மலிவாய் வருமாயின், மலிவைக் கண்டு மகிழாமல் அதன் காரணத்தை ஆலோசிக்கவேண்டும். சந்தைகளை ஏலம் விடும் ஊராட்சிகளும் நகராட்சிகளும், சந்தை வாசலில் ஓர் அளவுப்பலகையைத் தொங்கவிட்டு, அதற்குக் குறைந்த குஞ்சு மீனை மொத்தமாக விற்பதை ஏல நிபந்தனையிலேயே விலக்கலாம். கிராம உத்தியோகஸ்தர்கள் எழுதும் அடங்கல் எவ்வளவு உண்மையாயிருக்கிறதோ, அவ்வளவுக்கே வறட்சி நிவாரணம் உரியவனைச் சென்றடைகிறது. மீன் கணக்கும் அத்தன்மையதே. பொய்க்கணக்கு முதலில் சர்க்காரை ஏமாற்றும். பின்னர் வியாபாரியை ஏமாற்றும். முடிவில் எழுதினவனுடைய பிள்ளைகளையே பட்டினி போடும்.

தடையால் வருமானம் இழக்கும் மீனவக் குடும்பங்களுக்குத் தக்க நிவாரணம் அளிக்காமல் கட்டுப்பாட்டை மட்டும் விதிப்பது தர்மமன்று, பலிப்பதுமன்று. அவர்களே கடலின் நிலையை முதலில் அறிபவர்கள். கணிப்பில் அவர்களுடைய சொல்லும் இடம் பெறவேண்டும். கிணற்றில் கயிறு விட்டு மட்டம் பார்க்கும் விவேகம் நிலத்தோர்க்குப் பழக்கமானதே. அதே விவேகத்தைக் கடலுக்கும் செலுத்தினால், மத்தி அருகும் வருஷங்களிலும் விதை மிஞ்சும். விதை மிஞ்சினால் பெருகும் வருஷமும் தவறாது வரும்.